தோல்விக் கணக்கைத் தீர்க்காத தளபதி

கேள்வி:

நான் தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போவது வழக்கம். கல்லூரியில் வரலாறு படிக்கும் என் பேரன், ஜெர்மானியத் தளபதி லூடன்டோர்ஃப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். முதல் உலகப்போரில் அவ்வளவு பெரிய பதக்கம் வாங்கியவர், பிற்பாடு ஹிட்லரோடு சேர்ந்து ஆட்சியைக் கவிழ்க்கத் தெருவில் இறங்கினார், ஃப்ரீமேசன்கள்தான் உலகத்தை ஆட்டிவைக்கிறார்கள் என்று புத்தகம் போட்டார் என்றெல்லாம் படித்துக் காட்டினான். எனக்கு நம்பவே முடியவில்லை. போர் அவர் புத்தியைக் கலக்கிவிட்டதா, முதலிலிருந்தே அப்படித்தானா? ஹிட்லரைப் பதவியில் அமர்த்தியதற்காக ஹிண்டன்பர்க்கைக் கண்டித்து அவர் கடிதம் எழுதினார் என்றும் சொல்கிறார்களே, அது மெய்யா? பட்டாளத்துக்காரனுக்கு அரசியல் ஆகாது என்று பேரனிடம் சொல்லிவிடலாமா?

- ஓய்வுபெற்ற படைவீரர், வேலூர் மாவட்டம்

பதில்:

ஐயா, உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். லூடன்டோர்ஃபின் புத்தி போரில் கலங்கிவிடவில்லை. அவர் பிறவியிலேயே பித்தரும் அல்லர். தான் எடுத்த முடிவுகளால் வந்த தோல்வியைத் தன் தோல்வி என்று ஒப்புக்கொள்ள அவரால் கடைசிவரை முடியவில்லை. அந்தப் பழியை வேறு யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. 1918-க்குப் பிறகு அவர் செய்த அரசியல் அத்தனையும் அந்தச் சுமையை இறக்குவதற்கு இடம் தேடிய கதைதான்.

முதலில் அவருடைய வீரத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். எரிக் லூடன்டோர்ஃப் 1865-இல் போசென் நகருக்கு அருகே பிறந்தவர். பெயருக்கு முன்னால் ‘ஃபான்’ என்று போட்டுக்கொள்ளும் பிரபு வம்சத்தவர் அல்லர். உழைப்பாலும் கணக்குப் புத்தியாலும் பிரஷ்யப் படைத் தலைமையகத்துக்குள் நுழைந்தவர். 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டையைத் தாக்கியபோது ஒரு பிரிகேடின் தளபதி கொல்லப்பட்டார். வெறும் தொடர்பு அதிகாரியாகக் கூட வந்திருந்த லூடன்டோர்ஃப் அங்கேயே தலைமையை ஏற்று, இருட்டில் படையை நகருக்குள் நடத்திச் சென்றார். கோட்டைக் கதவை வாளின் பிடியால் தட்டித் திறக்கவைத்த கதை அப்போது ஜெர்மனி முழுக்கப் பரவியது. பிரஷ்யாவின் மிக உயர்ந்த போர்ப் பதக்கமான ‘பூர் லெ மெரிட்’ அதற்காகத்தான் அவருக்குக் கிடைத்தது.

அடுத்த சில நாட்களிலேயே, ஓய்விலிருந்து அழைக்கப்பட்ட தளபதி ஹிண்டன்பர்க்குக்குத் துணையாக ரயிலேறிக் கிழக்கு முனைக்குப் போனார். ஆகஸ்ட் 26 முதல் 30 வரை நடந்த டானென்பர்க் போரில் ரஷ்யாவின் இரண்டாம் படை சுற்றிவளைக்கப்பட்டு அழிந்தது. ஏறத்தாழ 90,000 பேர் கைதானார்கள். ரஷ்யத் தளபதி சாம்சனோவ் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அந்த வெற்றியின் திட்டத்தில் பெரும்பங்கு, அங்கே ஏற்கெனவே இருந்த மாக்ஸ் ஹோஃப்மன் என்ற அதிகாரியுடையது. ஆனால் புகழ் முழுக்க இந்த இருவர் கழுத்தில்தான் மாலையாக விழுந்தது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. வெற்றியைப் பங்குபோடும்போது தாராளமாகத் தன் பக்கம் எடுத்துக்கொண்டவர் அவர்.

1916 ஆகஸ்ட் இறுதியில் இந்த ஜோடி ஜெர்மானியப் படை முழுவதற்கும் தலைமை ஏற்றது. பட்டத்தில் ஹிண்டன்பர்க் மேலே, காரியத்தில் லூடன்டோர்ஃப். அங்கிருந்து அவர் வெறும் தளபதி அல்லர். ஆயுத உற்பத்தி, தொழிலாளர் சட்டம், வெளியுறவு என எல்லாவற்றிலும் அவர் கை நீண்டது. 1917 பிப்ரவரியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்கள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வணிகக் கப்பல்களைத் தாக்கலாம் என்ற முடிவுக்கு அழுத்தம் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. ஜூலையில் சான்சலர் பெத்மன் ஹோல்வெக்கைப் பதவியிலிருந்து விலக வைத்தார்கள். நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டாத சர்வாதிகாரம் என்று வரலாற்றாசிரியர்கள் அந்த இரண்டு ஆண்டுகளைச் சொல்வது மிகையில்லை. அதிகாரத்தின் ருசி அவருக்குப் போருக்குப் பிறகு தொற்றியதல்ல. போருக்கு முன்பே, 1913-இல், படையைப் பெருக்க வேண்டும் என்று அளவுக்கு மீறி வற்புறுத்தியதால் தலைமையகத்திலிருந்து டுசல்டோர்ஃபில் ஒரு ரெஜிமென்ட்டுக்கு மாற்றப்பட்டவர் அவர். தீவிரக் கருத்துகள் உள்ளே இருந்தன. ஆனால் அப்படிப்பட்ட கருத்துள்ள அதிகாரிகள் அன்றைய ஜெர்மனியில் நிறையப் பேர். அவர்கள் எல்லாரும் இவர் போன இடத்துக்குப் போகவில்லை.

இனி உங்கள் பேரன் நன்றாகக் கவனிக்க வேண்டிய சில வாரங்களுக்கு வருவோம்.

1918 மார்ச் 21-இல் மேற்கு முனையில் தன் கடைசிப் பெருந்தாக்குதலை லூடன்டோர்ஃப் தொடங்கினார். அமெரிக்கப் படைகள் முழுதாக வந்து சேர்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. முதலில் பெருவெற்றி, பிறகு படை களைத்தது, உணவும் ஆளும் குறைந்தன. ஆகஸ்ட் 8-இல் அமியேன்ஸ் அருகே நேசநாடுகள் திருப்பி அடித்தபோது, ஜெர்மானிய வீரர்கள் கூட்டங்கூட்டமாகச் சரணடைந்தார்கள். அந்த நாளைத் தன் படையின் கறுப்பு நாள் என்று அவரே பின்னால் குறிப்பிட்டார். விமானிகளாக இருந்த அவருடைய வளர்ப்பு மகன்களில் இருவர் போரில் இறந்திருந்தார்கள். செப்டம்பரில் அவர் நிலை இன்னும் மோசமானது. நரம்புத் தளர்ச்சிக்காக மருத்துவர் வரவழைக்கப்பட்டு, தூக்கமும் ஓய்வும் நடையும் பரிந்துரைக்கப்பட்டன. போர் புத்தியைக் கலக்கியதா என்று கேட்டீர்களே, மனம் உடைந்த காலம் ஒன்று இருந்தது, உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில்தான் அவர் தன் வாழ்க்கையின் தெளிவான முடிவையும் எடுத்தார் என்பது விசித்திரம்.

செப்டம்பர் 29 அன்று, பெல்ஜியத்தின் ஸ்பா நகரிலிருந்த தலைமையகத்தில், போரை வெல்ல முடியாது, உடனடியாகப் போர்நிறுத்தம் கேட்க வேண்டும் என்று பேரரசர் கைசரிடமும் அரசிடமும் சொன்னது லூடன்டோர்ஃபும் ஹிண்டன்பர்க்கும்தான். சமதர்மவாதிகள் இல்லை, யூதர்கள் இல்லை, வேலைநிறுத்தக்காரர்களும் இல்லை. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 1-இல், தன் அதிகாரிகளைக் கூட்டி நிலைமையை விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த ஆல்பிரெக்ட் ஃபான் தேயர் என்ற அதிகாரி நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். படை இனி தாங்காது என்று லூடன்டோர்ஃப் ஒப்புக்கொண்டார். அதே மூச்சில், இந்த நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்த அரசியல் கட்சிகளையே ஆட்சியில் உட்கார வைத்து, சமாதானத்தையும் அவர்கள் கையாலேயே செய்ய வைக்கும்படி கைசரைக் கேட்டிருப்பதாகவும் சொன்னார். தான் சமைத்ததை அடுத்தவரை உண்ண வைக்கும் ஏற்பாடு, தோல்வி ஊருக்குத் தெரிவதற்கு முன்பே தயாராகிவிட்டது.

அப்படியே நடந்தது. அக்டோபர் 3-இல் புதிய அரசு வந்தது. போர்நிறுத்தம் கேட்டு அமெரிக்க அதிபர் வில்சனுக்கு எழுதியது. மாத இறுதியில் லூடன்டோர்ஃப் மனம் மாறி, சண்டையைத் தொடர வேண்டும் என்றார். 26-ஆம் தேதி பதவியிழந்தார். நவம்பர் 11-இல் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் ஜெர்மானியக் குழுவின் தலைவராகக் கையெழுத்திட்டவர் மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். படையை நடத்திய தளபதிகள் யாரும் அந்த மேசைக்கு முன்னால் உட்காரவில்லை. தோல்வியைக் கேட்டது படைத்தலைமை. கையெழுத்துப் போட்டது பட்டாளமே பார்க்காத ஒரு சிவிலியன். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 1921 ஆகஸ்டில், தீவிர வலதுசாரிகள் எர்ட்ஸ்பெர்கரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நேரத்தில் லூடன்டோர்ஃப் மியூனிக்கில் மரியாதையோடு வாழ்ந்துகொண்டிருந்தார்.

பட்டாளத்தில் இருந்த உங்களுக்கு இது உறைக்கும். ஒரு பிளாட்டூன் தவறினால் அதன் பொறுப்பாளர்தான் மேலதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். இவரோ ஜெர்மனியில் புரட்சி வெடித்ததும் வேடம் மாற்றிக்கொண்டு, பொய்க் கடவுச்சீட்டில் ஸ்வீடனுக்குப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்து விறுவிறுவென்று நினைவுக்குறிப்புகளை எழுதினார். 1919-இல் திரும்பி வந்தபோது கதை தயார்: படை களத்தில் தோற்கவில்லை, உள்நாட்டில் இருந்தவர்கள் முதுகில் குத்தினார்கள். அதே ஆண்டு நவம்பர் 18-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் ஹிண்டன்பர்க்கும் லூடன்டோர்ஃபும் ஒன்றாகத் தோன்றினார்கள். ஹிண்டன்பர்க் எழுதி வைத்திருந்த அறிக்கையைப் படித்தார். முதுகில் குத்தினார்கள் என்ற பொய்க்கு அன்று அரசாங்க முத்திரை விழுந்ததுபோல் ஆனது. அந்தப் பொய் யாரைக் குறிவைத்ததோ அந்த யூதர்களில் சுமார் ஒரு லட்சம் பேர் ஜெர்மானியப் படையில் பணியாற்றியவர்கள். ஏறத்தாழ 12,000 பேர் களத்தில் இறந்தவர்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதோடு நின்றால் வெறும் சால்ஜாப்பு. ஆனால் கூடம் கோணல் என்று ஒருமுறை சொன்னவர், கோணலாக்கியவன் யார் என்று காட்டியாக வேண்டும். காட்டப்பட்டவன் மீது சான்று நிற்காவிட்டால் அவனுக்குப் பின்னால் இன்னொருவன் இருந்தான் என்று சொல்லியாக வேண்டும். லூடன்டோர்ஃப் விளிம்புக்கு நகர்ந்தது இப்படிப் படிப்படியாகத்தான்.

1920 மார்ச்சில் காப் என்பவர் பெர்லினில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றபோது, படை அணிவகுத்து நுழைந்த பிராண்டன்பர்க் வாயிலருகே லூடன்டோர்ஃபும் நின்றிருந்தார். தற்செயலாக நடைப்பயிற்சிக்கு வந்ததாகச் சொன்னார். தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தம் சில நாட்களில் அந்தக் கவிழ்ப்பை முறியடித்தது. அவர் பவேரியாவுக்கு இடம் மாறினார். 1923 நவம்பர் 8 இரவு, மியூனிக்கின் ஒரு பீர் அரங்கில் ஹிட்லர் துப்பாக்கியால் கூரையைச் சுட்டுப் ‘புரட்சி’ அறிவித்தபோது, புதிய படைக்குத் தலைவராக லூடன்டோர்ஃபின் பெயர் சொல்லப்பட்டது. பிடித்து வைத்திருந்த பவேரியத் தலைவர்களை, அதிகாரிகள் கொடுத்த வாக்கு போதும் என்று வெளியே விட்டவரும் அவரே. வெளியே போனவர்கள் உடனே போலீசுக்கும் படைக்கும் உத்தரவு கொடுத்தார்கள். மறுநாள் ஊர்வலம் ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே மண்டபத்தருகே வந்ததும் துப்பாக்கிச் சூடு நடந்தது. கீழே விழுந்தவர்கள், ஓடியவர்கள் நடுவே லூடன்டோர்ஃப் நேராக நடந்து போலீஸ் வரிசைக்குள் போனார், கைதானார்.

அந்தத் துணிச்சலில் பொய் இல்லை. லியேஜில் இருந்த அதே ஆள்தான் மியூனிக்கிலும் நடந்தார். துணிச்சல் அப்படியே இருந்தது. எதற்காக நடக்கிறோம் என்ற தெளிவுதான் அழுகிப்போயிருந்தது.

நீதிமன்றமும் பதக்கத்தைத்தான் பார்த்தது. 1924 ஏப்ரல் 1-இல் ஹிட்லருக்கு ஐந்தாண்டுத் தண்டனை, அதிலும் அவர் உள்ளே இருந்தது ஓராண்டுக்கும் குறைவு. லூடன்டோர்ஃபுக்கு விடுதலை. மற்றவர்கள் தண்டிக்கப்படும்போது தன்னை மட்டும் விடுவித்தது தன் சீருடைக்கு அவமானம் என்று அவரே கோபப்பட்டார். ஒரு விதத்தில் அவர் சொன்னது சரி. தேசத்துரோக வழக்கில் ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்காமல் முன்பு யாராக இருந்தார் என்று பார்த்த தீர்ப்பு அது.

அதே ஆண்டு மே மாத நாடாளுமன்றத் தேர்தலில், நாஜிகளும் பிற இனவெறிக் குழுக்களும் கூட்டாக நின்ற பட்டியலுக்கு 32 இடங்கள் கிடைத்தன. லூடன்டோர்ஃப் நாடாளுமன்றத்துக்குப் போனார். டிசம்பர் தேர்தலில் அது 14 ஆகச் சுருங்கியது. 1925 மார்ச்சில் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஹிட்லர் அவரை நிற்க வைத்தார். கிடைத்தவை 2.86 லட்சம் வாக்குகள். நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். அடுத்த மாதம் இரண்டாம் சுற்றில் ஹிண்டன்பர்க் 1.46 கோடிக்கும் மேல் வாக்குகள் பெற்று வென்றார். லூடன்டோர்ஃப் என்ற போட்டியாளர் இத்தோடு ஒழிந்ததில் ஹிட்லருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

மக்கள் கைவிட்ட பிறகு சதிக்கதை இன்னும் பெருத்தது. 1925-இல் டானென்பர்க் சங்கம் என்ற அமைப்பு. 1926-இல் மருத்துவர் மத்தில்டே ஃபான் கெம்னிட்ஸைத் திருமணம் செய்துகொண்டார். கிறிஸ்தவத்தை ஒதுக்கிவிட்டு ஜெர்மானிய இனத்துக்கென்று ஒரு தனிச் சமயத்தை வகுத்தவர் அந்த அம்மையார். 1927-இல் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரத்துவச் சங்கத்தினரின் ரகசியங்களை வெளிப்படுத்தி அவர்களை ஒழிப்பதாகப் புத்தகம். யூதர்கள், ஃப்ரீமேசன்கள், இயேசு சபையினர் ஆகிய ‘நாடு கடந்த சக்திகள்’ சேர்ந்துதான் உலகப்போரையே மூட்டினார்கள் என்றார். பின்னாளில் அவர்களுடைய பதிப்பகம் திபெத்து லாமாக்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. இதே காலத்தில் ஃபிரான்ஸ் டவுசெண்ட் என்ற ரசவாதி உலோகத்தைத் தங்கமாக்கித் தருவதாகச் சொன்னதை நம்பி, அவருக்குப் பணம் திரட்டும் நிறுவனத்துக்குத் தன் பெயரையும் கொடுத்தார். 1931-இல் டவுசெண்டுக்கு மோசடிக்காகச் சிறைத்தண்டனை கிடைத்தது. சான்று கேட்கும் பழக்கத்தை ஒரு விஷயத்தில் விட்டவர், அடுத்தடுத்த விஷயங்களிலும் அதை விட்டுவிடுகிறார்.

இப்போது அந்தக் கடிதம். 1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் சான்சலரானதும், நாட்டைப் பாழாக்கிவிட்டீர்கள், வருங்காலத் தலைமுறை உங்களைச் சபிக்கும் என்ற பொருளில் லூடன்டோர்ஃப் ஹிண்டன்பர்க்குக்கு எழுதியதாகச் சொல்லப்படுவது அது. இன்றும் பல இடங்களில் அது மேற்கோளாக வருகிறது. அதைப் பரவச் செய்தது நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹான்ஸ் ஃபிராங்கின் நினைவுக்குறிப்பு. நியூரம்பர்க் சிறையில் தூக்குக்குக் காத்திருந்தபோது அவர் எழுதியது. மூலக்கடிதம் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. லோதர் குருக்மன் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் 1999-இல் இதை விரிவாக ஆராய்ந்து, கட்டுக்கதை என்ற முடிவுக்கு வந்தார். ஹிட்லரோடு அவருக்குப் பகை இருந்தது மெய். ஆனால் ஹிட்லர் ரோமின் கத்தோலிக்கத் திருச்சபைக்கு விலைபோய்விட்டார் என்பதும், 1933-இல் தன் சங்கம் தடை செய்யப்பட்டது என்பதும்தான் அந்தப் பகையின் சாரம். ஜனநாயகம் போய்விட்டதே என்ற கவலை அதில் இல்லை. 1935-இல் அவர் எழுதிய ‘முழுமையான போர்’ என்ற நூல், நாட்டு மக்கள் அனைவரையும் போருக்காக ஒரே கட்டளையின் கீழ் கொண்டுவரச் சொன்னது. 1937-இல் ஹிட்லரோடு சமரசம் ஆயிற்று. அந்த ஆண்டு டிசம்பர் 20-இல் இறந்தபோது அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. பேரன் கட்டுரையில் அந்தக் கடிதத்தை எடுத்தாள்வதானால், கட்டுக்கதை என்ற குறிப்போடு எடுத்தாளட்டும்.

கடைசிக் கேள்வி: பட்டாளத்துக்காரனுக்கு அரசியல் ஆகாதா? அப்படிச் சொல்ல அதே ஜெர்மனி இடம் கொடுக்கவில்லை. லூடன்டோர்ஃப் எழுந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் ஜெனரல் வில்ஹெல்ம் க்ரோனர். அதே படை, அதே தோல்வி. நவம்பர் 9 அன்று, படை உங்கள் பின்னால் இல்லை என்று கைசரின் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். புதிய குடியரசோடு ஒத்துழைத்தார். பிற்பாடு பாதுகாப்பு அமைச்சரானார். உள்துறையையும் ஏற்று, 1932 ஏப்ரலில் நாஜிகளின் குண்டர் படையான எஸ்.ஏ.வைத் தடை செய்தார். அவரையும் மகானாக்க வேண்டாம். போர்நிறுத்தத்தின் பழி படையின் மேல் விழாமல் சிவிலியன்கள் மேல் விழுவது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொய்யை அவர் பிழைப்பாக்கிக்கொள்ளவில்லை. இன்னொருவர் பெர்டோல்ட் ஃபான் டைம்லிங். லூடன்டோர்ஃப் பெற்ற அதே பதக்கம் பெற்ற ஜெனரல். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ரில் விஷவாயுத் தாக்குதலுக்கான ஆயத்தம் முதலில் நடந்தது அவருடைய படைப்பிரிவின் பகுதியில். போருக்குப் பிறகு சமாதான இயக்கத்தில் சேர்ந்து, குடியரசைக் காக்கும் அமைப்பில் வெளிப்படையாக நின்றார். பழைய சகாக்கள் பலர் அவரைத் துரோகி என்று வெறுத்தார்கள்.

மூவரும் சீருடை அணிந்தவர்கள். மூவரும் அரசியலுக்கு வந்தவர்கள். நடந்ததில் தன் பங்கு என்ன என்ற கேள்வியை எதிர்கொண்ட விதம்தான் அவர்களைப் பிரித்தது.

ஒன்று மட்டும் விடுபடக் கூடாது. விளிம்பில் கத்திய லூடன்டோர்ஃபைவிட, அதே பொய்யை அமைதியான குரலில் படித்துவிட்டு நடுநாயகமாக உட்கார்ந்த ஹிண்டன்பர்க்கால் நாட்டுக்கு வந்த கேடு பெரிது. ஹிட்லரைச் சான்சலராக்கிய கையெழுத்து அவருடையது. லூடன்டோர்ஃபைப் பார்த்து மக்கள் சிரித்தார்கள். ஹிண்டன்பர்க்கைப் பார்த்து வாக்களித்தார்கள். அதனால் பேரனின் கட்டுரை பித்துப் பிடித்த ஒரு தளபதியின் கதையாக மட்டும் முடிந்துவிட வேண்டாம்.

அவன் கட்டுரையில் 1918 செப்டம்பர் 29-ஐயும் 1919 நவம்பர் 18-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்லுங்கள். முதல் தேதியில் போர்நிறுத்தம் வேண்டும் என்று கேட்ட இருவர்தான், இரண்டாவது தேதியில் அதற்கு அடுத்தவரைக் குற்றம் சொன்னார்கள். இடைப்பட்ட ஏறத்தாழ பதினான்கு மாதங்களில் என்ன நடந்தது, யார் வாய்மூடி இருந்தார்கள், யாருக்கு அந்தப் பொய் வசதியாக இருந்தது என்று அவன் தேடினால் கட்டுரை தானாக வந்துவிடும். பட்டாளத்துக்காரர் யாராவது வாக்குக் கேட்டு வந்தால், அவர் பதக்கத்துக்கு ஒரு சல்யூட் வையுங்கள். பிறகு, மற்ற வேட்பாளரைக் கேட்பதுபோலவே, உங்கள் பொறுப்பில் கெட்டுப்போன காரியம் எது, அதற்கு யார் காரணம் என்று கேளுங்கள். அந்தப் பதிலில் அவர் பெயர் எங்கேயும் வராவிட்டால், வாக்கை வேறு யாருக்காவது போடுங்கள்.